பான்காட் அரண்மனைப் பந்தி

1984-இல் வந்த 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' படத்தை நான் சாகசத்துக்காகப் பார்ப்பதில்லை, சாப்பாட்டுக்காகப் பார்க்கிறேன். பான்காட் அரண்மனைப் பந்தியில் மலைப்பாம்பின் வயிற்றைக் கீறினால் குட்டிப் பாம்புகள் நெளிகின்றன. சூப்பில் கண்முழி மிதக்கிறது. கடைசியில் குளிரவைத்த குரங்கு மூளை. இத்தனை வகையறாவில் ஒரு கரண்டி ரசம் கிடையாது!

கதை நடப்பது இந்தியாவில். திரைக்கதையை மாற்றச் சொன்னது இந்திய அரசு. அதனால் படக்குழு படம்பிடிக்க இலங்கையின் கண்டிப் பக்கம் போய்விட்டது. ஆகவே நம் வடநாட்டுக் கிராமத்தார் சிங்களத்தில் புலம்புகிறார்கள்.

வில்லனாக வரும் அம்ரீஷ் புரி வெறுங்கையால் ஒருவன் நெஞ்சிலிருந்து இதயத்தை உருவுகிறார். அவனோ சாகாமல் கத்திக்கொண்டிருக்கிறான். நம்மூர் சண்டைக் காட்சியில் லாஜிக் தேடும் நண்பர் இதை மட்டும் வாய் பிளந்து பார்ப்பார். கேட்டால், ஸ்பீல்பெர்க் எடுத்ததாம்.