கான்பெரா கொண்டான் மெய்க்கீர்த்தி

மாமன்னன் முதலாம் இராசேந்திரன் கங்கைவரை படை நடத்தி, கடாரம்வரை கலம் செலுத்தி, வென்ற பெருமிதத்தில் எங்கள் சீமையில் கங்கைகொண்ட சோழபுரத்தை எழுப்பி ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் தலைநகருக்குப் பக்கத்திலிருந்து அவனுடையதை நிகர்த்த இன்னொரு திக்விஜயம் கிளம்ப 2006ஆம் ஆண்டுவரை நாடு பொறுத்திருக்க வேண்டியிருந்தது. யானையில்லை, குதிரையில்லை, முரசில்லை. உடையார்பாளையம் வட்டத்து ஸ்ரீபுரந்தானிலிருந்து நள்ளிரவில் புறப்பட்ட அந்தச் சேனை, ஒரு சொட்டு இரத்தம் சிந்தாமல் நியூயார்க்கையும் டொலிடோவையும் சிங்கப்பூரையும் கான்பெராவையும் வென்றது. பாட்டுடைத் தலைவர்கள் இத்தனை பேர் இருந்தும் ஒரு மெய்க்கீர்த்தி பாட ஆளில்லாமல் போனது தமிழுக்கே குறை. அக்குறையை அடியேன் இயன்றவரை நீக்க முயல்கிறேன்.

இராசேந்திரனின் பெருமையிலும் ஒரு கஞ்சத்தனம் உண்டு. சாளுக்கியரிடமிருந்து வந்த சூரியபீடத்தைக் கங்கைகொண்ட சோழபுரத்திலும், கலிங்கத்துச் சிற்பங்களைச் செங்கமேட்டிலும் கொண்டுவந்து வைத்துக்கொண்டான். பிறர் நாட்டுத் தெய்வங்களை வாரிக்கொண்டு வந்தானே தவிர, தன் நாட்டுத் தெய்வம் ஒன்றையேனும் பிறருக்கு அனுப்பும் தாராளம் அவனிடம் இருந்ததில்லை. அந்த வள்ளன்மை நம் காலத்துப் பெரியோர்களுக்கே வாய்த்தது.

ஆஸ்திரேலியர்கள் குற்றக் கதை எழுதுவதில் மன்னர்கள் என்பார்கள். கேரி டிஷர் என்பவர் வயாட் என்ற தொழில்முறைத் திருடனை நாயகனாக்கி 1991 முதல் நாவல்கள் எழுதிவருகிறார். அந்நாட்டின் பெரும் எழுத்தாளரான பீட்டர் கேரி, ஓவிய உலகத்தின் மோசடிகளை வைத்து 'திருட்டு: ஒரு காதல் கதை' என்ற நாவலை வெளியிட்டதும் அதே 2006ஆம் ஆண்டில்தான். பாவம், அவர்கள் மேசைமுன் உட்கார்ந்து கற்பனை செய்துகொண்டிருந்தபோது, எங்கள் ஊர்ப்பக்கம் அதைவிடச் செறிவான கதை நடந்துகொண்டிருந்தது. அதன் கடைசி அத்தியாயங்களுக்கான பணத்தை ஆஸ்திரேலிய அரசின் காட்சிக்கூடமே கொடுத்தது என்றால், அந்நாட்டின் இலக்கியப் பற்றை என்னவென்று புகழ்வது!

முதல் மரியாதை, கோயிலை அந்த நிலைக்குப் பக்குவப்படுத்தி வைத்திருந்த நம் அனைவருக்கும் உரியது. ஸ்ரீபுரந்தான் பிரகதீஸ்வரர் கோயிலில் நித்திய பூசை நின்று, விளக்கு அணைந்து, வௌவால் குடியேறி, கதவு சாத்திக் கிடந்தது. உள்ளே, நாலடிக்கு மேல் உயரமுள்ள சோழர் காலத்து நடராசர், திருவாசியோடு தூக்கிய திருவடியோடு, கூட உமை, கணபதி, மாணிக்கவாசகர் என்று ஒரு குடும்பமே இருட்டில் நின்றது. உலகம் கோடி கொடுத்து வாங்கும் ஒன்றை ஒரு பூட்டின் பொறுப்பில் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போகும் துறவு மனம் வேறெந்தச் சமூகத்துக்கு வரும்? மார்கழித் திருவாதிரை வந்தது, போனது. ஆனித் திருமஞ்சனம் வந்தது, போனது. நடராசர் போய்விட்டார் என்பது 2008இல்தான் அதிகாரிகளுக்குத் தெரியவந்தது. தெய்வம் உள்ளே இருக்கிறதா இல்லையா என்ற சிறு ஆராய்ச்சியில் இறங்காத நம்பிக்கையை நாத்திகர்கள் எங்கே கற்பது! பக்கத்துச் சுத்தமல்லியின் வரதராசப் பெருமாள் கோயிலிலிருந்தும் திருமேனிகள் பெயர்ந்திருந்தன. சைவ வைணவ பேதம் பாராத சமரச நெஞ்சம் அந்தத் தொண்டர்களுடையது.

நிர்வாகமும் தன் பங்குக்கு நாடகத்தை மெருகேற்றியது. அரியலூரைத் தனி மாவட்டமாக 2001இல் அமைத்து, அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு சேர்த்து, 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். ஆகவே நடராசர் காணாமற்போனது பெரம்பலூர் மாவட்டத்தில். காணவில்லை என்று கண்டது அரியலூர் மாவட்டத்தில். திருடர்கள்கூட எட்டிப் பிடிக்க முடியாத வேகம் இது.

இனி நம் காவிய நாயகர். நியூயார்க் மேடிசன் அவென்யூவில் 'ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்' என்ற கலைக்கூடத்தை நடத்திய திருவாளர் சுபாஷ் கபூர், அருங்காட்சியகங்களுக்குக் கொடையளித்தவர், அறிஞர்களோடு விருந்துண்டவர், பழங்கலையின் காவலர் என்று பட்டவர்த்தனமாகப் போற்றப்பட்டவர். கடந்தகாலத்தின் கலை என்று கடைக்குப் பெயர் வைத்தவருக்கு, அந்தக் கலை எந்தெந்தக் கிராமத்தில் எந்தெந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டாமா? அதை அறிந்து சொல்லச் சென்னையில் சஞ்சீவி அசோகன் என்ற மந்திரி வாய்த்தார். இரவில் கம்பி பிடித்த உள்ளூர்க் கைகளுக்குக் கிடைத்தது கூலி. மேலே போகப் போக அது லாபமாயிற்று, அதற்கும் மேலே போனால் கலைத்தொண்டு என்று பெயர் பெற்றது. சோழர் படையில்கூடப் பதவி இவ்வளவு ஒழுங்காக ஏறியதில்லை.

துறைமுகத்தில் நடந்தது அதனினும் இனியது. ஆண்டவனை 'கைவினைப் பொருள்' என்று பத்திரத்தில் எழுதி அனுப்பினார்கள். புதிதாகச் செய்த பித்தளை பொம்மைகளோடு பொம்மையாக, முத்திரை குத்தப்பட்டு, கப்பலேறிப் போனார் அம்பலத்தாடி. நூற்றாண்டுகள் பழைய வார்ப்பையும் நேற்று உலையிலிருந்து இறங்கிய வார்ப்பையும் ஒரே கண்ணால் நோக்கிய சமநோக்கை ஞானிகளிடம் மட்டுமே காணலாம். அந்த ஞானம் சுங்கச் சாவடியில் மாதச் சம்பளத்துக்குக் கிடைக்கிறது.

ஆனால் இந்தக் காவியத்தின் சிகரம் சிலையில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. தொல்பொருள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்தது. பண்பாட்டுச் சொத்துகள் பற்றிய யுனெஸ்கோ உடன்படிக்கையோ 1970ஆம் ஆண்டினது. ஆகவே, சிலை அதற்கெல்லாம் முன்பே இந்தியாவைவிட்டுப் போயிற்று என்று நிறுவிவிட்டால் கேள்வி கேட்பாரில்லை. உடனே பிறந்தது ஒரு ரசீது: டெல்லிக் கடையொன்றில் 1970இல், அங்கே பணியிலிருந்த சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் நடராசரை விலைக்கு வாங்கினாராம். பின்னாளில் அவர் மனைவி அதைக் கைமாற்றினாராம். அதற்கும் கடிதம் உண்டு. 2006இல் களவுபோனவரை 1970இலேயே விற்றுவிட்ட இந்தக் கற்பனை வளத்தின் முன் டிஷரும் கேரியும் என்ன செய்ய முடியும்? அவர்கள் நாவல் எழுதினார்கள். கபூரார் இரண்டே தாளில் ஒரு தெய்வத்தின் முப்பத்தாறாண்டு வாழ்க்கை வரலாற்றையே எழுதுவித்தார்.

அந்த இலக்கியத்துக்கு உரிய வாசகர் கான்பெராவில் இருந்தார். ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடம் 2008இல் ஐம்பது லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து நடராசரை எழுந்தருளச் செய்தது. அன்றைய நம் கணக்கில் ஏறத்தாழ இருபது கோடி ரூபாய். மேன்மைதங்கிய அந்நிறுவனத்தின் நுண்ணறிவைச் சாதாரணமாக எடைபோட்டுவிடக் கூடாது. ஆவணங்களை அவர்கள் பார்த்தார்கள். நிபுணர்களைக் கேட்டார்கள். ஆபத்து இருக்கிறது என்று சட்ட ஆலோசனையும் கிடைத்தது. அத்தனையையும் படித்து, புரிந்து, அதன்பின் வாங்கினார்கள் என்பதில்தான் வீரம் இருக்கிறது. ஆராயாமல் ஏமாறுவது எவர்க்கும் கைவரும். ஆராய்ந்த பின்னும் ஏமாறுவதற்குத் தேசிய அளவிலான அர்ப்பணிப்பு வேண்டும். கபூரிடம் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட கலைப்பொருள்களை வாங்கிக் குவித்த அதே கூடம், குட்டு வெளிப்பட்டதும் தானும் ஏமாற்றப்பட்டவன் என்று 2014இல் நியூயார்க் நீதிமன்றத்தின் படியேறியது. ஸ்ரீபுரந்தான் மக்களுக்கு முன்னால் கான்பெராவின் கண்ணீர் வழக்காகிவிட்டது; வக்கீல் வைக்க வசதியுள்ளவரின் துக்கமே முதல் துக்கம்.

இதற்கெல்லாம் முன்னோடிகள் இல்லாமல் இல்லை. சிவபுரத்து நடராசரைச் செப்பனிட எடுத்துச்சென்று, கோயிலுக்குப் போலியைத் திருப்பிக் கொடுத்து, அசலை அமெரிக்கக் கலைச் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமனிடம் சேர்த்த முந்தைய தலைமுறையும் வணங்கத்தக்கதே. ஆனால் அவர்கள் போலி செய்யவேண்டியிருந்தது. நம் நாயகர்கள் வந்த காலத்தில் போலிகூடத் தேவைப்படவில்லை. வெற்றுப் பீடமே போதுமாயிருந்தது.

இத்தனை மாண்புடைய கலையை நாசம் செய்தவர்கள் யார் என்றால், படிப்பாளிகள். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோயில் கோயிலாக அலைந்து திருமேனிகளைப் படம்பிடித்து வைக்கும் விநோத வழக்கமுடையவர்கள். 1994இல் ஸ்ரீபுரந்தானுக்கும் வந்து நடராசரைப் படமெடுத்துவிட்டுப் போனார்கள். சூடான் அதிகாரியின் வீட்டில் இருக்கவேண்டிய நடராசர் 1994இல் அரியலூர்ச் சீமையில் நின்றுகொண்டிருந்தார் என்று சொல்ல அந்த ஒரு படம் போதுமாயிற்று. சிங்கப்பூரில் அப்போது வாழ்ந்த சிலை ஆர்வலர் எஸ். விஜயகுமார் போன்றவர்களோ, தம் சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இராமல், வார்ப்பின் வடுவையும் திருவாசியின் சுடரையும் ஒப்பிட்டு ஒப்பிட்டு ஊரைக் கூட்டினார்கள். கூலி வாங்காமல் இவ்வளவு வேலை செய்பவர்களைக் கபூரார் தம் வாழ்நாளில் எதிர்பார்த்திருக்கவே மாட்டார்.

பிறகு நடந்தவை காவிய நயம் குன்றியவை. கபூர் 2011 அக்டோபரில் பிராங்க்ஃபர்ட்டில் பிடிபட்டு, அடுத்த ஆண்டு தமிழ்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபட், ஸ்ரீபுரந்தான் நடராசரையும் விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரையும் டெல்லியில் திருப்பி ஒப்படைத்தார். அமெரிக்காவின் டொலிடோ அருங்காட்சியகத்திலிருந்து கணபதியும் சிங்கப்பூரிலிருந்து உமாபரமேசுவரியும் திரும்பினார்கள். சுத்தமல்லி வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பர் 1 அன்று கபூருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. பிடித்த நாளுக்கும் தீர்ப்புக்கும் இடையே பதினோரு ஆண்டுகள். தண்டனையைவிட விசாரணையை நீளமாக்கி, குற்றவாளியின் நேரத்தை மதித்த நம் நீதி பரிபாலனத்துக்கும் இந்த மெய்க்கீர்த்தியில் ஒரு வரி ஒதுக்குகிறேன்.

திரும்பி வந்த நடராசர் ஸ்ரீபுரந்தானுக்கா போனார் என்று கேட்டுவிடாதீர்கள். அது நாகரிகமில்லாத கேள்வி. வழக்கின் சாட்சியாக நீதிமன்றத்தில் ஆஜரானவரைக் கும்பகோணத்துத் திருமேனிகள் பாதுகாப்பு மையத்தில் சேர்த்தார்கள். தன் ஊரில் அவருக்குப் பூட்டு போதவில்லை. அங்கே பூட்டு, காவல், பதிவேடு எல்லாம் உண்டு. ஊர்க்கோயில் தீபாராதனை ஒன்றுதான் குறைவு. ஆபத்தில்லாத தெய்வத்துக்கு அது எதற்கு?

ஆகையால் பெருமக்களே, இந்த மகத்தான தொழில் எங்கள் சீமையில் மேலும் செழிக்க உங்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர்ப் பழங்கோயில் பூட்டியே கிடந்தால் அப்படியே கிடக்கட்டும். திறக்கச் சொல்லி யாரையும் தொந்தரவு செய்யாதீர்கள். உற்சவர் எத்தனை, எத்தனை அடி உயரம், பீடத்தில் எழுத்து உண்டா என்று எண்ணி எழுதிவைக்கும் கெட்ட பழக்கம் வேண்டாம். முக்கியமாக, கையிலிருக்கும் செல்போனால் அந்தத் திருமேனிகளை முன்னும் பின்னும் படமெடுத்து, தேதியோடு நாலு பேரிடம் கொடுத்துவைத்துவிடாதீர்கள். 1994இல் எடுத்த ஒரே ஒரு படம் ஐம்பது லட்சம் டாலர் வியாபாரத்தைக் கெடுத்திருக்கிறது.