ஜாடையும் குற்றம்தான்!

கேள்வி: விஞ்ஞானத்தை நல்லதுக்கு மட்டும் பயன்படுத்த வைக்க முடியாதா சார்? (ஒரு வாசகி, நாமக்கல்)

பதில்: மெஷின் தயார்தாம்மா. குடும்பத்தார்தான் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறார்கள்!

ஸ்கேனையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர், இரும்பில் விரிசல் தேடும் ஒலி அலைக் கருவியை வயிற்றுப் பக்கம் திருப்பினார். கட்டியா, கருவா என்று கத்தி வைக்காமலே தெரிந்தது. 1958-இல் கட்டுரையும் வந்தது. பிறகு நஞ்சுக்கொடி எங்கே, இரட்டையா என்றெல்லாம் அது சொல்லத் தொடங்கியது. நாம் அதனிடம் கேட்ட ஒரே கேள்வி: பையனா?

அதனால் 1994-இல் சட்டம் வந்தது. பாலினத்தை வாயால் சொன்னால் மட்டுமல்ல, ஜாடை காட்டினாலும் குற்றம். சட்டம் எழுதியவருக்கு நம் ஜனங்களை நன்றாகவே தெரிந்திருக்கிறது! அப்படியும் 2011 கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட 1000 பையன்களுக்கு நாடு முழுக்க 919 பெண் குழந்தைகள்தான். தமிழ்நாட்டில் 943. பெருமைப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. பேத்தி பிறந்ததும் ‘மகாலட்சுமி வந்திருக்கா’ என்கிற பெரியவர்களில் சிலர், ஐந்தாம் மாதம் டாக்டர் முகத்தையே உற்றுப் பார்த்தவர்கள்.

இப்போது தாயின் ரத்தத்திலேயே சிசுவின் மரபணுவைப் படிக்கும் சோதனை வந்துவிட்டது. டவுன் சிண்ட்ரோம் ஆபத்தைக் கண்டறியத்தான் அது. ஆனால் ஆணா பெண்ணா என்பதும் அதில் தெரியும். இங்கேயும் சொல்லத் தடைதான். ரிப்போர்ட்டோ வெறும் காகிதம். எதன் முகத்தைப் பார்ப்பது என்று பாட்டிகள் குழம்பட்டும்!