முறுமுறுப்பின் துல்லியமும் ஸ்தோத்திரத்தின் தோராயமும்: சேலம் – நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக்களம் மேட்டூர் அணையில் தொடங்கி மோகனூர்க் காவிரிக்கரையில் முடிகிறது. கிழக்கே ஆத்தூர், மேற்கே திருச்செங்கோடு. 1623இல் ராபர்ட் டி நொபிலி சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். 1827இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ஹென்றி கிறிஸ்ப் சேலத்தில் ஊழியம் தொடங்கினார். 1930இல் சேலம் கத்தோலிக்க மறைமாவட்டம் உருவானது. ஆகவே இந்த மண்ணில் ஸ்தோத்திரத்துக்கு நானூறு வயது. வெயிலைக் குறை சொல்லும் வழக்கம் அதற்கும் மூத்தது என்பதால் அதன் தோற்றத்தைத் தேடி நாம் போகவில்லை.

தரவு திரட்டுவதற்கு மிக உகந்த நேரம், ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் செருப்புத் தேடும் வேளை. மாதிரிக்கு ஓர் உரையாடல்:

"ஸ்தோத்திரங்கண்ணா, நல்லா இருக்கறீங்களா?"

"ஆண்டவர் கிருபையில நல்லா இருக்கறேனுங்க. என்ன, முட்டைக்குத்தான் நேத்து இருபது பைசா கொறச்சுட்டாங்க. போர் எண்ணூறு அடி போட்டும் வெறும் புகைதான். பையனுக்கு மூணு வருசமாப் பொண்ணு பாக்கறோம், ஒண்ணும் அமையல."

முதல் வாக்கியத்தில் ஆண்டவர் இருக்கிறார், கிருபை இருக்கிறது, எண் ஒன்றுகூட இல்லை. அதன் பிறகு வந்தவற்றில் மூன்று எண்கள், அவற்றில் ஒன்று பைசாக் கணக்கில். முட்டை ஒருங்கிணைப்புக் குழு விலையைப் பைசாவில் அறிவிப்பதால் அப்படி என்று பொருளாதாரத் துறையினர் வாதிடக்கூடும். பொருந்தாது. இதே அண்ணன் விலை ஏறிய வாரத்தில் சொன்னது, "பரவால்லீங்க, ஏதோ ஓடுது." ஏற்றத்துக்குப் பைசா கிடையாது, இறக்கத்துக்கு உண்டு.

இதிலிருந்து கிடைக்கும் கருதுகோள்: குறையைச் சில்லறையிலும் நன்றியை மொத்தத்திலும் பேசுவதே நம் சபைகளின் வழக்கம். ஜெபத்தில் "சகல நன்மைகளுக்காகவும் நன்றி செலுத்துகிறோம்" என்று ஒரே மூச்சில் கடந்துவிடுகிறோம். அடுத்து வரும் ஜெபக்குறிப்புப் பகுதியில் மூட்டுவலி இடதா வலதா என்பது வரை ஆண்டவருக்கு விளக்கப்படுகிறது. காணிக்கைக் கவரிலும் இதே கதைதான். மேலே "ஸ்தோத்திர காணிக்கை" என்று அச்சிட்டிருக்கும், எதற்காக என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் கிழித்திருக்கும். அந்தக் கோட்டை நிரப்புகிறவர்கள் அபூர்வம்.

வேத ஆதாரத்துக்கு வருவோம். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில் வனாந்தரத்து ஜனங்கள் எகிப்தின் சாப்பாட்டை நினைத்து அழுகிறார்கள். மீன், வெள்ளரி, கொம்மட்டி, கீரை, வெங்காயம், வெள்ளைப்பூண்டு. ஆறு சரக்கு, வரிசை பிசகாமல். விலை கொடுக்காமல் சாப்பிட்டோம் என்று விலைக்குறிப்பும் உண்டு. அடிமை வேலைக்குக் கூலியே கிடையாது என்பது அந்தப் பட்டியலில் ஏறவில்லை. காலைதோறும் கூடாரத்தைச் சுற்றி இறங்கிய மன்னாவை மட்டும் அலுப்போடு ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டார்கள். ராசிபுரம் பக்கம் சின்ன வெங்காயம் போட்டு விலை சரிந்தவருக்கு இந்த ஆறில் ஐந்தாவது சரக்கு தனியாக உறைக்கும்.

யோனாவின் நிலைமை நம் வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கம். தமிழ் வேதாகமத்தில் அவர் தலைக்கு நிழல் தருவது ஆமணக்குச் செடி. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் என்றே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. ஆமணக்கை அறிந்த எந்த ஆத்தூர் விவசாயியும் அதன் நிழலை நம்பி உட்காரமாட்டார், புழு விழும் என்பதும் அவருக்குத் தெரியும். யோனா உட்கார்ந்தார். செடி வந்தபோது மிகவும் சந்தோஷப்பட்டார் என்று வேதம் சொல்கிறது. நன்றி சொன்னதாக எழுதியில்லை. மறுநாள் அதைப் பூச்சி அரித்து, வெயில் தலையில் இறங்கியதும் சாவதே நலம் என்று கேட்டது எழுதியிருக்கிறது. சந்தோஷத்தையே நன்றி என்று நினைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இதைவிடப் பழைய சான்று கிடைக்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பைக் கவனிக்க வேண்டும். குறையே சொல்லக்கூடாதா? சங்கீதங்களில் பெரும் பகுதி புலம்பல்தான், அதுவும் ஆண்டவரின் முகத்துக்கு நேரே. அது இந்த ஆய்வில் சேராது, ஏனென்றால் அதற்கு முகவரி இருக்கிறது. வலியைச் சொல்வதும் வேறு. இந்தச் சமவெளியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர் மருத்துவர் பால் பிராண்ட். பிற்பாடு வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் சீராக்கியவர். விரல்கள் போவதற்குக் காரணம் சதை தானாக அழுகுவது என்று உலகம் நம்பியிருந்தபோது, வலி தெரியாமல் போவதால் வரும் காயங்களே காரணம் என்று எடுத்துக்காட்டினார். வலிக்கு நன்றி சொன்ன மனிதர். 1993இல் பிலிப் யான்சியோடு சேர்ந்து எழுதிய நூலில் வலியை, யாருக்கும் வேண்டாத பரிசு என்றே அழைத்தார். சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொன்னதை இதோடு சேர்த்துப் படித்தால், மற்ற ஒன்பது பேருக்குத் தோல் குணமாகி உணர்ச்சி மட்டும் திரும்பவில்லையோ என்று சந்தேகம் வருகிறது. பத்துக்கு ஒன்று என்பது சரியாகத் தசமபாகம் ஆகிறதே என்று கணக்குப் பார்த்துச் சமாதானப்படுகிறவர்களும் சபையில் உண்டு.

பால் பிராண்டின் தாய் ஈவ்லின் பிராண்டையும் விட்டுவிட முடியாது. கணவர் ஜெஸ்ஸி 1929இல் கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்தார். முறுமுறுக்க இதைவிடத் தகுந்த காரணம் வேண்டியதில்லை. அந்த அம்மாள் எழுபதை நெருங்கும் வயதில், மிஷனிலிருந்து ஓய்வு பெற்றபின் மலைக்கே திரும்பினார். இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றியும் மட்டக்குதிரையில் ஏறியும் ஊர் ஊராகப் போனார். 1974இல் இறக்கும்வரை கடைசி இருபது ஆண்டுகள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்பது மகன் சொன்ன செய்தி. குறைப்பட்டியலுக்கு வீட்டுக்குள் கிடைக்கும் முதல் மூலப்பொருள் கண்ணாடிதான் என்பதால் இது ஆய்வாளர்களின் கவனத்துக்குரியது.

நன்றி சில்லறையாக மாறும் நாள் ஒன்று உண்டு: அறுப்பின் பண்டிகை. அன்று பீடத்துக்கு முன்னால் பூசணி, கரும்பு, மரவள்ளிக்கிழங்கு, முப்பது முட்டை கொண்ட ட்ரே, கால் கட்டிய நாட்டுக்கோழி என்று நன்மைகள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். உழவர் சந்தையில் ஐந்து ரூபாய்க்கு அடித்துப் பேசுகிறவர், ஏலத்தில் அதே பூசணியைப் பல மடங்கு விலைக்கு எடுத்துத் தோளில் வைத்துப் போவார். அன்று விலையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எண்ணிப் பார்க்க முடிந்த நன்மையைக் குறை சொல்வது கடினம் என்று தோன்றுகிறது.

இதைச் சோதிக்க ராசிபுரத்துக்கு அருகே ஒரு கிராமச் சபையில் ஆயர் ஒரு விதி போட்டார். சாட்சி நேரத்தில் "சகல நன்மைகள்" என்று யாரும் சொல்லக்கூடாது. ஒரே ஒரு நன்மை, அது என்றைக்கு, யாரால் என்று சொல்ல வேண்டும். வெகுநேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. கோழிப்பண்ணையில் வேலை செய்யும் பெரியவர் எழுந்தார்.

"வியாழக்கெழம ராத்திரி கரண்டு போகலீங்க. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

அடுத்து பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி. "நேத்து எம் மருமவ காப்பியில சக்கரை அளவாப் போட்டாளுங்க." இரண்டு வரிசை தள்ளி மருமகள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவதாக, போர் போட்டிருந்த ஒருவர் எழுந்தார். "செவ்வாக்கெழம அறுநூத்தி நாப்பது அடியில நல்ல தண்ணி வந்துச்சுங்கய்யா. ஆனா..."

"அண்ணே," என்றார் ஆயர், "அப்படியே உக்காந்துக்கங்க."