கலர் மாஸ்டர்

எல்லா ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். மாதாந்திர ரிவ்யூவுக்கு நான்கு கிளைகளின் விற்பனைக் கணக்கை எக்செலில் போட்டுத் தருவது அவர் வேலை. கணக்கு காபி வருவதற்குள் முடிந்துவிடும். மிச்சப் பொழுதெல்லாம் கலருக்கு.

எக்செல் தானாகப் போட்டுத் தரும் நீலம், ஆரஞ்சு எல்லாம் அவருக்கு ஆகாது. "அதைத்தான் ஊரே வெச்சிருக்கே சார்!" பட்டையின் மேல் ரைட் கிளிக், ஃபில், மோர் கலர்ஸ். குட்டிக் குட்டி அறுகோணங்களாக நிறங்கள் விரியும். அதிலும் மனசு நிற்காது. அடுத்த டேபுக்குப் போவார். அங்கே சிவப்பு, பச்சை, நீலத்துக்குத் தனித்தனிப் பெட்டி, ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை. பெருக்கினால் 1,67,77,216 நிறம். நான்கு பட்டைக்கு! 2003 பதிப்பு வரை ஒரு ஃபைலுக்கு 56 நிறம்தான். அந்தக் காலத்தில் இவர் வகையறா ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துவிடும்.

இத்தனை பாடு தேவையே இல்லை. 2013 பதிப்பிலிருந்து சார்ட்டைத் தொட்டாலே பக்கத்தில் ஒரு பிரஷ் பட்டன் எட்டிப் பார்க்கும். அதற்குள் ஒன்றோடொன்று ஒத்துப்போகிற நிறங்கள் வரிசை வரிசையாகத் தயாராக இருக்கின்றன. ஒரே கிளிக். அவரோ அந்தப் பட்டன் சார்ட்டை மறைக்கிறது என்று நகர்த்தப் பார்ப்பார்.

அமெரிக்க வரைபட நிபுணர் சிந்தியா புரூவர் உருவாக்கிய கலர்புரூவர் என்கிற இணையதளம் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. எத்தனை வகை, கூடிக்கொண்டே போகிற எண்ணா, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் பிரிகிறதா, வெறும் ரகங்களா என்று முதலில் விசாரிக்கும். நிறக்குறைபாடு உள்ளவர்களுக்கும் புரிய வேண்டுமா, ஜெராக்ஸிலும் தெரிய வேண்டுமா என்பதற்கும் டிக் உண்டு. அப்புறம்தான் தேறியதை மட்டும் காட்டும். நிறம் எடுக்க வந்த இடத்தில் இத்தனை குறுக்கு விசாரணையா என்று நம்மவர் ஜன்னலை மூடிவிட்டார்.

ரிவ்யூ அன்று வினை வந்தது.

"மதுரை எதுப்பா?"

"பச்சை சார். திருச்சி சிவப்பு."

"ரெண்டும் ஒண்ணாத்தானே தெரியுது?"

மேனேஜருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 12 பேருக்கு ஒருவர் இப்படித்தான். கலர் மாஸ்டர் ப்ரொஜெக்டர் பல்பின் மேல் பழியைப் போட்டுவிட்டு, கைவசம் இருந்த பிரிண்ட்டை நீட்டினார். ஆபீஸ் பிரிண்டர் கறுப்பு-வெள்ளை. நான்கு கிளையும் ஒரே சாம்பல்.

"இனிமே கலரே வேண்டாம்ப்பா" என்றார் மேனேஜர், கொஞ்சம் கெஞ்சலாகவே.

அவரும் தட்டவில்லை. கலரை விட்டுவிட்டார். அதே ஃபில்லில் 'பேட்டர்ன்' என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. மொத்தம் 48 தினுசு. மதுரைக்குச் செங்கல் அடுக்கு, திருச்சிக்கு வளைவு நெளிவு, கோவைக்குப் பொடிப்புள்ளி. சேலத்துக்குக் கட்டமா, சாய்கோடா என்பது மட்டும் பாக்கி. மணி எட்டரை. செக்யூரிட்டி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.