விதானையார் இல்லாத வாய்க்கால்

இஞ்சை வா மோனே, அந்த லப்ரொப்பை மூடாதை. மண்வெட்டி பிடிச்ச கிழவனுக்கு உதுகள் விளங்காது, சும்மா கேக்கிறன். அறிவியல் நகரிலை பொறியியல் படிக்கிற பிள்ளை, கமக்காரர் அமைப்புக்கு வயல் பட்டியல் எழுதுறன் எண்டு ஒரு கொன்ரெயினர் கட்டினனி. நல்லது. பட்டியலிலை உள்ள வயலுகளை ஒவ்வொண்டாய்ப் பார்க்க வாறவன் என்ன செய்யிறது எண்டு கேட்டால், "உள்ளுக்கை இருக்கிற அரேயைத் தொட்டு, நம்பரைப் பிடிச்சுக்கொண்டு போகட்டும்" எண்டாய். கெட்டிக்காரன். நாளைக்கு நீ உள்ளுக்கை ஒண்டை மாத்த, வந்தவன்ரை புரோகிராம் கவிழும். அது அவன்ரை தலைவிதி, என்ன?

இரணைமடுக் குளத்திலை துருசு திறந்தால் 20,000 ஏக்கருக்கு மேலை பாயுது. வாய்க்கால் எங்கை வளையுது, மதகு எங்கை இருக்கு எண்டு கடைக்கோடி வயல்காரன் அறியத் தேவையில்லை. அந்தக் காலத்திலை அதுக்கெண்டு ஒரு விதானையார் இருந்தவர். முதல் ஆற்றை வயல், அதுக்கடுத்தது ஆற்றை எண்டு தெரிஞ்சால் அவருக்குக் காணும். 1958 நெற்காணிச் சட்டத்தோடை பதவி போச்சுது, வேலை போகேல்லை. உன்ரை பட்டியலை ஒவ்வொண்டாய்க் காட்டுற இற்றரேற்றர் அவர்தான்.

ஏடா மொழிக்காரர் 2012 தரத்திலை செய்ததும் உதுதான் எண்டு நீதானே வாசிச்சனி. "முதல்" எண்டொரு பங்சன், "அடுத்தது" எண்டொரு பங்சன். இந்தக் கொன்ரெயினருக்கு வழமையான இற்றரேற்றர் இது, உள்ளை இருக்கிற சாமான் இந்த வகை, இடத்தைக் காட்டுற கேர்சரைக் குடுத்தால் சாமானை எடுத்துத் தாற பங்சன் இது எண்டு ரைப்பின்ரை அறிவிப்பிலை எழுதிவிட்டால், பேந்து வாறவன் ஒரே வரியிலை லூப் போடலாம். பின்னாலை இருந்து முன்னுக்கும் வர ஆசையெண்டால் "கடைசி", "முந்தினது" எண்டு இன்னும் இரண்டு. நீ எத்தினை மெதட் வைச்சிருக்கிறாய்? வேண்டாம், சொல்லாதை, எனக்குத் தலை சுத்தும்.

அவை முதல் ஆக்களும் இல்லை. 1970களிலை எம்.ஐ.ரி.யிலை பார்பரா லிஸ்கோவ் அம்மாவும் மாணாக்கரும் சி.எல்.யு. மொழிக்குள்ளை இற்றரேற்றரைக் கொண்டந்திட்டினம். 1994 இல் ஸ்ரெபனோவும் மெங் லீயும் குடுத்த நூலகத்தை சி++ தரக்குழு ஏற்றது. அங்கை அப்ப இற்றரேற்றருக்கே ஐஞ்சு சாதி இருந்தது. எங்கை போனாலும் உது விடாது போலை.

சரி, இதைக் கேளன். தண்ணி மூண்டாம் வயலிலை நிக்கேக்கை, ஒருத்தன் இரவோடை இரவாய் வரம்பை வெட்டி இன்னொரு காணியைச் சேர்த்தால் விதானையார் எங்கை போறது? தலையைச் சொறியாதை ராசா, உதிலைதான் பெரிய பெரிய தரக்குழுவெல்லாம் வேர்த்தது. சி++ வெக்டரிலை இடம் முட்டின பிறகு ஒண்டைத் தள்ளினால் முழுப் பட்டியலும் வேறை இடத்துக்கு இடம்பெயரும். பழைய இற்றரேற்றர் பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நிக்கும். அதைத் தொட்டால் என்னவும் நடக்கலாம், நாங்கள் பொறுப்பில்லை எண்டு தரம் கையைக் கழுவிப்போடும். ஜாவாவின்ரை சாதாரண பட்டியலிலை அடுத்த அடி வைக்கிறவன் எக்செப்சனோடை விழுவான். ஆனால் அதையும் நம்பி எழுதவேண்டாம் எண்டு அவையே சொல்லுகினம். ஏடாக்காரர்தான் கறார். அவையின்ரை கொன்ரெயினர் நூலகத்திலை, லூப் ஓடேக்கை ஒண்டைச் சேர்க்கவோ அழிக்கவோ போனால், போனவனுக்கே "புரோகிராம் எரர்". வரம்பு வெட்டினவனைப் பிடிக்கிறதோ, தண்ணி பார்க்க வந்தவனைப் பிடிக்கிறதோ? எனக்கு ஏடாக்காரற்றை நியாயம்தான் பிடிச்சிருக்கு.

ஆனால் நீ சொந்தமாய்க் கட்டுற கொன்ரெயினருக்கு அந்தக் காவலை மொழி போட்டுத் தராது, மோனே. லூப் தொடங்கேக்கை ஒரு கணக்கை ஏத்தி, முடியேக்கை இறக்கிறது உன்ரை வேலை. நடுவிலை லூப்பை உடைச்சுக்கொண்டு ஒருத்தன் ஓடினாலும், எக்செப்சன் வந்தாலும் அது இறங்கோணும். இறங்காட்டில் பட்டியலுக்குப் பூட்டு விழுந்தது விழுந்ததுதான். பிறகு ஒரு வயலும் சேர்க்கேலாது. நீ ஏத்திறதை மட்டும் எழுதியிருக்கிறாய். இறக்கிறது ஆர், நானோ?

சிறுபோகத்திலை குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் எத்தினை ஏக்கர் எண்டு கூட்டத்திலை தீர்மானிப்பினம். எல்லா வயலுக்கும் தண்ணி வராது. ஏடாவின்ரை 2022 தரத்திலை "இப்பிடியெண்டால் மட்டும்" எண்டு லூப்பின்ரை தலையிலையே வடிகட்டி போட விட்டிருக்கினம். நீயோ சிறுபோகத்துக்கு ஒரு இற்றரேற்றர், காலபோகத்துக்கு ஒண்டு, இடதுகரைக்கு ஒண்டு, வலதுகரைக்கு ஒண்டு. குத்தகைக்காரரை ஏன் விட்டனி? பாவங்கள்.

போ, போய் ஒரு வயலும் இல்லாத வெறும் பட்டியலைக் குடுத்து ஓட்டிப் பார். "முதல்" எதைத் தரவேணும்? "ஒண்டுமில்லை" எண்டு சொல்லுற கேர்சரை. உன்ரை புரோகிராம் என்ன செய்யுதெண்டு நான் பாத்தனான்: இல்லாத வயலுக்குத் தண்ணி திறந்து விடுது. அந்தக் காணிக்கு உறுதி முடிச்சது ஆரெண்டு மட்டும் பேந்து வந்து சொல்லு.