ரத்தமே ஜெயம்

எங்கள் சபையில் சினிமா பாவம். கன்வென்ஷன் பந்தலில் பிரசங்கியார் தொண்டை கட்டக் கட்ட அதைச் சொல்கிறார். கதாநாயகியின் இடுப்பு பாவம், மழைப் பாட்டு பாவம், அதை முணுமுணுக்கும் வாலிபனின் உதடும் பாவம். அவர் தரும் விவரங்களைக் கேட்டால் எந்தப் படத்தையும் விட்டுவைத்ததாகத் தெரியவில்லை. சரி, ஊழியத்துக்காகப் பார்த்திருப்பார். ஆனால் அதே படத்தில் கதாநாயகன் இடைவேளைக்குள் முப்பது பேரை அரிவாளால் சாய்க்கிறானே, அதைப் பற்றி ஒரு வார்த்தை? அந்த முப்பது பேருக்கும் இடுப்பு இருந்தது. வெட்டு விழுந்ததே அங்கேதான்.

வீட்டிலும் இதே வேதபாடம். ஞாயிறு ஆராதனை முடிந்து, பிரியாணி தட்டோடு குடும்பம் டிவி முன்னால் உட்கார்கிறது. திரையில் இரண்டு முகங்கள் நெருங்கும்போதே அத்தான் ரிமோட்டைத் தேடுகிறார். சபைக் கமிட்டியில் இருப்பவர் அல்லவா, உதடு படுவதற்குள் சானல் மாறிவிடும். அரை நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் ஒருவன் கழுத்து அறுபட்டுக்கொண்டிருக்கிறது. ரிமோட் சோபாவில் ஓய்வெடுக்கிறது. ஏழு வயது மருமகன் விரல்விட்டு எண்ணுகிறான். "மாமா, இன்னும் ரெண்டு பேரு பாக்கி." அக்கா சொல்கிறாள்: "கறிய மென்னு தின்னுல, அவனுவ எங்கயும் போகமாட்டானுவ." அன்று காலைதான் அவன் சண்டே கிளாசில் பத்துக் கட்டளையை ஒப்பித்துப் பென்சில் பாக்ஸ் பரிசு வாங்கியிருந்தான். கொலை செய்யாதே என்ற ஆறாவது கட்டளையில்கூடத் தடுமாறவில்லை.

அரசாங்கத்துக்கும் ஒழுக்க உணர்வு உண்டு. ஒரு கையில் சிகரெட்டும் மறு கையில் கத்தியுமாக நாயகன் நடந்து வந்தால் சிகரெட்டுக்கு எச்சரிக்கை ஓடும். ஆடு நடித்தால் அதற்குத் துன்பம் நேரவில்லை என்று விலங்கு நல வாரியத்தின் சான்று வேண்டும். அடியாளுக்குத்தான் வாரியம் இல்லை. 2025இல் 'கூலி'க்குத் தணிக்கைக் குழு ஏ கொடுத்தபோது, யு/ஏ வேண்டும் என்று தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆக, பிள்ளைகளுக்காக வாசலில் நின்றவர்கள் தணிக்கைக்காரர்களும் நீதிபதியும். சபை டிக்கெட் வரிசையில் நின்றது.

எங்களுக்குப் போராடத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். 2006இல் 'தி டாவின்சி கோட்' இயேசுவுக்குக் கல்யாணம் ஆனதாகக் கதை சொன்னது. கொதித்தெழுந்தோம். தமிழ்நாடு அரசு தடையே போட்டது, உயர் நீதிமன்றம் வந்துதான் அதை நீக்க வேண்டியிருந்தது. கல்யாணம் என்றால் எங்களுக்குக் கொதிக்கும். கொலை என்றால் பாப்கார்ன்.

"ஆதித் திருச்சபைக்குத் திரும்புவோம்" என்று வருடத்துக்கொரு பேனர் கட்டுகிறோம். தாராளமாகத் திரும்பலாம். மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'அப்போஸ்தலப் பாரம்பரியம்' என்ற சபை ஒழுங்குநூலில் ஒரு விதி இருக்கிறது. ரோமானிய அரங்கில் மோதும் வாள்வீரனோ, அவனுக்குப் பயிற்சி கொடுப்பவனோ, அந்த ஆட்டத்தை நடத்தும் அதிகாரியோ ஞானஸ்நானம் கேட்டு வந்தால் முதலில் அந்தத் தொழிலை விட வேண்டும், இல்லையென்றால் வாசலோடு போக வேண்டும். அதற்கும் முன்பே, 177 வாக்கில், அத்தேனாகோரஸ் என்ற கிறிஸ்தவர் ரோமப் பேரரசருக்கு மனு எழுதினார். கிறிஸ்தவர்கள் நரமாமிசம் தின்கிறார்கள் என்பது அன்றைய புகார். அவர் சொன்ன பதிலின் சாரம் இதுதான்: கொலையைப் பார்ப்பதே கொலை செய்வதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நாங்கள் பார்க்கக்கூடப் போவதில்லை, நாங்களா கொல்வோம்? இன்று யாராவது எங்கள் சார்பாக அப்படி ஒரு மனு எழுதினால் பேரரசர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

எனக்கு மிகவும் வேண்டியவன் அலிப்பியுஸ். திருச்சபைத் தந்தை அகஸ்டினின் நண்பன், ரோமில் சட்டம் படித்தவன். வாள்சண்டை என்றாலே அவனுக்கு அருவருப்பு. கூட்டாளிகள் கையைப் பிடித்து அரங்குக்கு இழுத்துப் போனார்கள். உடம்பைத்தான் இழுக்க முடியும் என்று வீறாப்புப் பேசிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டான். காதை மூட மறந்துவிட்டான். ஒருவன் விழ, கூட்டம் ஓவென்று கத்த, என்னதான் ஆயிற்று என்று ஒரு கணம் கண்ணைத் திறந்தான். அவ்வளவுதான். வெறி ஏறியது, அவனும் கத்தினான், பிறகு மற்றவர்களை இழுத்துப்போகிற ஆளாகவும் ஆனான். அகஸ்டின் இதை எழுதி 1,600 வருடம் ஆகிவிட்டது. எங்கள் வாலிபர் சங்கம் அவனைவிடத் தேறியது. யாரும் இழுக்க வேண்டியதில்லை, முதல் நாள் முதல் காட்சிக்கு வேன் பேசி அவர்களே போகிறார்கள்.

மேல்நாட்டு விசுவாசிகள் எங்களுக்கு அண்ணன்கள். மெல் கிப்சனின் 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' 2004இல் வந்தது. இயேசுவைச் சாட்டையால் அடித்ததை யோவான் ஒரே வசனத்தில் சொல்லிவிட்டு நகர்கிறார். கிப்சனுக்கு அது கட்டுப்படியாகவில்லை, தோல் கிழிவதை நின்று நிதானமாகக் காட்டினார். அமெரிக்கச் சபைகள் அரங்குகளை மொத்தமாகப் பிடித்து ஆட்களைக் கூட்டிப்போயின. மறுவருடம் சில நிமிட ரத்தத்தைக் குறைத்து அவர் மீண்டும் வெளியிட்டார். ஈ ஓட்டியது. ரட்சகர் அதே ரட்சகர்தான், அடி மட்டும் குறைந்துபோயிற்று. 2006இல் அங்கே 'லெஃப்ட் பிஹைண்ட்' என்று ஒரு கிறிஸ்தவ வீடியோ கேம் விற்றார்கள். நியூயார்க் தெருக்களில் சுட்டால் ஆவிக்குரிய மதிப்பெண் குறையும். ஜெபம் பண்ணினால் ஏறிவிடும், மறுபடி சுடலாம். மனந்திரும்புதலை ரீசார்ஜ் ஆக்கிய அந்த மூளைக்கு ஒரு டாக்டர் பட்டம் கொடுத்திருக்க வேண்டும்.

"வேதத்திலேயே வெட்டுக்குத்து இல்லையா, பிரதர்?" என்று கேட்பார்கள். இருக்கிறது, ஏராளமாக. ஆனால் கடைசியில் கதை வந்து நிற்பது எங்கே? ஆணி அடிக்கிறவன் பக்கமா, அடிபடுகிறவன் பக்கமா? வெட்டுப்பட்டவனின் பக்கத்தில் நின்று உலகத்தைப் பார் என்று சொன்ன மதம், வெட்டுகிறவனுக்கு விசிலடிக்கப் பழகிவிட்டது. 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு நாங்குநேரியில், சக மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள், கூடப் படித்த பையன்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. காரணம் சாதி, சினிமா அல்ல. பழியைப் படத்தின் மேல் போட்டுவிட்டுச் சாதியைத் தப்பவிட மாட்டேன். ஆனால் மறுநாள் காலை 'ஜெயிலர்' வெளியானது, தலை துண்டாகிற காட்சியோடு, யு/ஏ சான்றிதழோடு. அதே மாவட்டத்தில், அதே வாரத்தில், அந்தத் தலைக்குக் கைதட்டிய கைகளில் ஞாயிறன்று திருவிருந்து அப்பம் வாங்கிய கைகளும் இருந்தன. ஒருவருக்கும் கை நடுங்கியதாகத் தெரியவில்லை.

போன ஈஸ்டருக்கு வாலிபர்கள் கெத்செமனே நாடகம் போட்டார்கள். பேதுருவுக்குத் தெர்மாகோல் வாள், ஜிகினா ஒட்டியது. அவன் உருவியதும் புதுப் படத்தின் பிஜிஎம் அதிர்ந்தது. ஸ்லோ மோஷனில் சுழன்று, இயேசுவைப் பிடிக்க வந்த மல்குஸின் காதை வெட்டினான். சிவப்புச் சாயம் முன்வரிசை வரை தெறித்தது. விசில் பறந்தது. "ஒன்ஸ் மோர்" கேட்டார்கள், மறுபடி வெட்டினான். இயேசு வேடம் போட்ட பையன் காதை ஒட்டவைக்கக் கையை நீட்டியபடி ஓரமாக நின்றுகொண்டிருந்தான். வாலிபர் சங்கச் செயலர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "டைம் ஆயிட்டு, அந்த சீன் வேண்டாம், அடுத்ததுக்குப் போ!"