சாவியைத் தொலைத்த பூட்டுக்கடைக்கு ஒரு மனு

பெறுநர்: ஆக்சஸ் பிரிவு, மைக்ரோசாஃப்ட் நிறுவனம், ரெட்மண்ட், வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா.

பொருள்: ஆக்சஸ் 97-இல் உருவான எம்டிபி கோப்புகளை இன்றைய ஆக்சஸில் திறக்க வழிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ஆக்சஸ் 2013 பதிப்பில் தாங்கள் சாத்திய கதவு.

ஐயா / அம்மையீர்,

ஆக்சஸ் என்ற சொல்லுக்கு அணுகுதல், நுழைவு, வழி என்றெல்லாம் அகராதி பொருள் சொல்கிறது. 1992-இல் வெளிவந்த உங்கள் தரவுத்தள மென்பொருளுக்கு அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவர் நல்ல மனிதராகத்தான் இருக்கவேண்டும். இன்று ஆக்சஸ் 97 கோப்பு ஒன்றைப் புதிய ஆக்சஸிடம் நீட்டினால், இது பழைய பதிப்பு, திறக்க முடியாது என்று கைவிரித்துவிடுகிறது. மாற்று வழியும் நீங்களே சொல்கிறீர்கள்: ஆக்சஸ் 2010 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் திறந்து, புது வடிவத்தில் சேமித்துக்கொண்டு வாருங்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த 2010 பதிப்புக்கான ஆதரவை 2020 அக்டோபர் 13-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டவர்களும் நீங்களேதான். நோயாளிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அதில் உள்ள மருந்தைத் தயாரிப்பதை நிறுத்திவிட்ட வைத்தியர், இன்னமும் அதே சீட்டைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பழைய கோப்பு என்றால் பழையதுதானே, அதற்கென்ன செய்வது என்று கேட்கலாம். அந்த வாதம் உங்கள் வீட்டுக்குள்ளேயே நிற்காது. ஆக்சஸும் எக்செலும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆஃபீஸ் 97 என்ற ஒரே பெட்டியில் வந்தவை. அன்றைய எக்செலில் செய்த எக்ஸ்எல்எஸ் கோப்பை இன்றைய எக்செல் முகம் சுளிக்காமல் திறக்கிறது. சந்தேகம் வந்தால் ‘பாதுகாக்கப்பட்ட பார்வை’ என்ற கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, தொடாமல் பார் என்கிறது. பழைய வடிவங்களில் தீங்கு நிரல் ஒளிந்திருக்கலாம் என்ற பாதுகாப்புக் கவலைக்கும் பதில் இந்தக் கூண்டிலேயே இருக்கிறது. பழைய கோப்பில் எழுத வேண்டாம், நிரலை ஓட்டவும் வேண்டாம். படித்து, புதிய ஏசிசிடிபி கோப்பில் இறக்கி வைத்தால் போதும். எக்செலுக்குக் கிடைத்த கண்ணாடிக் கூண்டு ஆக்சஸுக்கு மட்டும் ஏன் கட்டுப்படியாகவில்லை?

பயன்படுத்துவோர் குறைவு, செலவு அதிகம் என்பது அடுத்த பதிலாக இருக்கும். வணிக நிறுவனம் சொல்லக்கூடிய நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் இதே ஆக்சஸ் 2013-இல், டிபேஸ் மென்பொருளின் டிபிஎஃப் கோப்புகளைப் படிக்கும் வசதியையும் சேர்த்தே வெட்டினீர்கள். அது 1980-களின் சரக்கு, அதுவும் உங்கள் கடைச் சரக்கு அல்ல. வாடிக்கையாளர்கள் விடாமல் கேட்டார்கள். 2016-இல் திரும்பக் கொண்டுவந்தீர்கள். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு மறுபடி திண்ணையில் இடம் கொடுத்துவிட்டு, சொந்தத் தாத்தாவைத் தெருவில் நிற்க வைப்பது எந்த ஊர் வழக்கம்? தொழில்நுட்பத்தால் முடியாதது என்று ஒன்றும் இல்லை, மனம் வைத்தால் முடியும் என்பதற்கு டிபிஎஃப் விவகாரத்தைவிட வேறு சாட்சி தேவையில்லை.

பதினாறு வருடம் அவகாசம் கொடுத்தோம், அப்போதே மாற்றியிருக்கலாமே என்பது உங்கள் தரப்பில் வலுவான வாதம். பாதிக் குற்றம் எங்களுடையதுதான்: ஓடுகிற வண்டியைப் பிரித்துப் பார்க்க எந்த அலுவலகமும் விரும்பாது. ஆனால் மாற்ற நினைத்தவர்களில் ஒரு சாராருக்கு வழியையே நீங்கள் வைக்கவில்லை. எம்டிஇ என்றொரு வடிவம் கொடுத்தீர்கள்; நிரலின் மூலத்தை உருவி எடுத்துவிட்டு ஓடுவதை மட்டும் கொடுக்கும் வடிவம். ஒப்பந்தக்காரருக்குத் தொழில் ரகசியம் காக்க வசதி. ஆனால் எம்டிஇ-யைப் புதிய பதிப்புக்கு மாற்ற முடியாது, மூல எம்டிபி வேண்டும் என்பது உங்கள் விதி. மூலத்தைக் கையில் வைத்திருந்த ஒப்பந்தக்காரர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தால், அவகாசம் பதினாறு வருடமானால் என்ன, அறுபதானால் என்ன?

தன்னார்வலர்கள் எழுதிய எம்டிபி டூல்ஸ் இருக்கிறதே, லினக்ஸில் ஓட்டி அட்டவணைகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சிலர் சொல்வார்கள். இருக்கிறது, அதை எழுதியவர்களுக்குக் கோடி நமஸ்காரம். நீங்கள் வெளியிடாத வடிவத்தைப் பைட் பைட்டாகத் துழாவி, யாரிடமும் சம்பளம் வாங்காமல் அவர்கள் திறந்ததை, செய்தவர்களாகிய நீங்கள் திறக்கவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கருவி அட்டவணைகளைத் தரும். படிவங்களையும் அறிக்கைகளையும் தராது. தமிழ்த் தகவல்களுக்கு உயிர் அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆக்சஸ் 97 ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கில் சேமித்தது. ஆக்சஸ் 2000-த்தில்தான் யூனிகோடு வந்தது. அந்நாளில் தமிழ் என்பது எழுத்துருவில் மட்டும் இருந்தது. பாமினி எழுத்துருவில் ஆங்கில ‘எம்’ உட்காரும் நாற்காலியில் நம் ‘அ’ உட்கார்ந்திருக்கும். 1999-இல் தமிழ்நாடு அரசு வகுத்த டாம், டாப் குறியீடுகளோ பெரும்பாலும் மேல்வரிசை நாற்காலிகளை எடுத்துக்கொண்டன. கோப்பை மாற்றும் நிரல் அவற்றை ஐரோப்பிய எழுத்துகள் என்று நம்பி, அப்படியே யூனிகோடுக்குப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அட்டவணையில் இருக்கும் முத்துலட்சுமி பிரெஞ்சுக்காரி மாதிரி கொம்பும் குடையும் வைத்துக்கொண்டு நிற்பாள். (எழுத்துருவையே எழுத்து என்று நினைத்த குற்றம் எங்களுடையது. 2010-இல் யூனிகோடைத் தரமாக அறிவித்த அரசாணை, ஏற்கெனவே ஏறிக் கிடந்த தரவை எழுப்பி உட்கார வைக்கவில்லை.) பிறகு இன்னொரு நிரல் வைத்து அதை முறையான தமிழாக்கலாம். ஆனால் அதற்கு எந்தப் பத்தி பாமினி, எந்தப் பத்தி டாம், எது நிஜமாகவே ஆங்கிலம் என்று தெரியவேண்டும். வெறும் அட்டவணையை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் அது சொல்லாது. சொல்வது படிவம்: இந்தப் பெட்டிக்கு இந்த எழுத்துரு என்ற குறிப்பு அங்கேதான் பதிவாகியிருக்கிறது. ஆகவே அட்டவணை கிடைத்தால் போதாதா என்று கேட்பவர்கள், ஓலையைக் கொடுத்துவிட்டு அது எந்த மொழி என்பதைச் சொல்ல மறுக்கிறார்கள்.

கோரிக்கை பெரிதல்ல. ஆக்சஸ் 97 கோப்பைப் படிக்க மட்டும் தெரிந்த, அட்டவணையோடு படிவத்தையும் எடுத்துத் தரும் ஒரு சின்ன மாற்றியை இலவசமாக வெளியிடுங்கள். அதற்கு ஆள் இல்லை, நேரம் இல்லை என்றால், 2008-இல் வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட் கோப்புகளின் பழைய பைனரி வடிவங்களை விவரித்து ஆவணங்கள் வெளியிட்டீர்களே, அந்தப் பந்தியில் இலை போடாமல் விட்ட எம்டிபி-க்கும் ஓர் இலை போடுங்கள். சமைப்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டுமே முடியாதென்றால், பெயரை மாற்றுவது குறித்தாவது பரிசீலிக்கலாம்.

இப்படிக்கு,
கதவுக்கு வெளியே காத்திருக்கும் மனுதாரர்

இணைப்பு: எம்டிபி கோப்பு – 1. (மனுவுக்கான முழு ஆதாரங்களும் இதற்குள் இருக்கின்றன. திறந்து பார்த்துவிட்டுப் பதில் எழுதவும்.)